இரண்டாம் முறை எழுதலாமா?

பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் ஜூன் மாதம் மூச்சுவிட நேரம் தராது. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. அட்வான்ஸ்டின் முடிவு வரும். வந்த கையோடு ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களுக்கான கலந்தாய்வு தொடங்கும். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளுக்கான தரவரிசைப் பட்டியல் அதன் பின்னாலேயே வரும். பயிற்சி மையங்களில் ‘ரிப்பீட்டர் பேட்ச்’ ஆரம்பிப்பதும் இதே வாரங்களில்தான். சீக்கிரம் பணம் கட்டினால் கட்டணத்தில் சலுகை என்று தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். ஐ.ஐ.டி. கிடைக்காத பிள்ளை, அழுத கண் காயும் முன்னால், தன் வாழ்க்கையின் ஓர் ஆண்டை என்ன செய்வது என்று முடிவெடுத்தாக வேண்டும். அந்த வயதுக்கு இது பெரிய பாரம்.

திருச்சியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள் நான். ஜூன் வந்தால் என் பழைய மாணவர்கள் பெற்றோரோடு வீட்டுக்கு வருவார்கள். “இன்னொரு வருஷம் எழுதலாமா மிஸ்?” என்று பிள்ளை கேட்கும். “நீங்க சொன்னா கேட்பான் டீச்சர், ஒரு வார்த்தை சொல்லுங்க” என்பார் அப்பா. அவர் ‘எழுது’ என்று சொல்லச் சொல்கிறாரா, ‘வேண்டாம்’ என்று சொல்லச் சொல்கிறாரா என்பது அவர் முகத்திலேயே தெரிந்துவிடும். அதற்காக என் பதிலை மாற்றிக்கொள்வதில்லை. நல்ல பதில் சொல்ல வேண்டுமானால் முதலில் சில விவரங்களை மேசைமேல் வைத்துவிட வேண்டும்.

2025இல் அட்வான்ஸ்டு தேர்வின் இரண்டு தாள்களையும் எழுதியவர்கள் 1,80,422 பேர். தரவரிசையில் இடம்பெற்றவர்கள் 54,378 பேர். இருபத்து மூன்று ஐ.ஐ.டி.க்களிலும் சேர்த்து இருந்த இடங்கள் 18,160. தேறியவர்களிலேயே மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இடமில்லை. நாற்காலிகள் இத்தனைதான் என்று முன்பே எண்ணி வைத்துவிட்டு ஆட்களை வரிசைப்படுத்தும் ஏற்பாடு இது. வரிசையில் பின்னால் நின்ற பிள்ளைக்கு இயற்பியல் வராது என்று அது சொல்லவில்லை. அந்த மதிப்பெண் பட்டியலைத் தன் அறிவைப் பற்றிய தீர்ப்பாகப் படித்த பிள்ளை, அந்தத் தீர்ப்பை மாற்றி எழுதத்தான் மறுபடி தேர்வெழுதப் போகும். அப்படிப் போகிற பிள்ளையைத்தான் நான் முதலில் உட்காரவைத்துப் பேசுவேன்.

அடுத்தது விதிகள். அட்வான்ஸ்டு தேர்வை இரண்டு முறைதான் எழுதலாம், அதுவும் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில். பிளஸ் டூ முடித்த ஆண்டில் ஒரு முறை எழுதியாயிற்று என்றால் மிச்சம் ஒன்றுதான். ஐ.ஐ.டி. ஒன்றில் சேர்ந்துவிட்ட மாணவர் வேறு ஐ.ஐ.டி.க்காகவோ வேறு பிரிவுக்காகவோ மறுபடி எழுத முடியாது. விரும்பாத பிரிவு கிடைத்தால், இப்போதைக்குச் சேர்ந்து வைப்போம், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வோம் என்ற கணக்கு இங்கே செல்லாது. இந்த விதியே ஆட்டம் கண்டதும் உண்டு. 2024 நவம்பர் 5ஆம் தேதி இனி மூன்று முறை எழுதலாம் என்ற அறிவிப்பு வந்தது. 18ஆம் தேதி அது திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட நாட்களில் அந்த அறிவிப்பை நம்பித் தாங்கள் படித்துக்கொண்டிருந்த கல்லூரியை விட்டே வந்துவிட்ட மாணவர்கள் இருந்தார்கள். அவர்களைத் தேர்வுக்கு அனுமதிக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. இன்னொரு வாய்ப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் கையில் இருக்கும் படிப்பை உதறும் அளவுக்கு ஒரு கல்லூரியின் பெயர் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருக்கிறது.

விவரங்களைச் சொல்லி முடித்த பிறகு பிள்ளைக்கு ஒரு வேலை கொடுப்பேன். தோற்ற அதே வினாத்தாளை எடுத்து, கடிகாரம் இல்லாமல், நான்கைந்து நாள் ஆனாலும் சரியென்று நிதானமாகப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். தேர்வில் ஒவ்வொரு தாளுக்கும் மூன்று மணி நேரம்தான். வீட்டில் அந்த நெருக்கடி இல்லை. அவசரமில்லாமல் போட்டால் பெரும்பாலான கணக்குகள் வருகின்றனவா? அப்படியானால் குறை பழக்கத்தில் இருக்கிறது, ஓராண்டு உழைப்புக்கு அது படியும். சில பாடங்கள் மட்டும் முழுசாக இருட்டாக இருக்கின்றனவா? அதுவும் நல்ல செய்திதான், எங்கே ஓட்டை என்று தெரிந்துவிட்டது. எந்தப் பக்கம் திருப்பினாலும் கணக்கைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று தாளை மூடி வைத்துவிட்டு வந்தால், அந்தப் பிள்ளை கேட்பது வேறு ஏதோ ஒரு வாழ்க்கையை. அது என்ன என்று பேச வேண்டிய நேரம் அது.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளில் நான் அதிகம் பார்ப்பது இரண்டாவது வகை. அந்த ஓட்டை பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பில் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே குறி என்று பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரமாகத் தள்ளிவிடும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அதைத் தடுக்க 2018இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் அதை நீக்குவதாக அரசு அறிவித்தது. ஜே.இ.இ.யோ இரண்டு ஆண்டுப் பாடத்தையும் கேட்கிறது. இன்னொரு சுமையும் உண்டு. முதல் கட்டமான ஜே.இ.இ. மெயின் தேர்வைத் தமிழில் எழுதலாம். அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. தமிழ்வழியில் படித்த பிள்ளை, கணக்கைத் தீர்ப்பதற்கு முன் கேள்வியின் மொழியைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இன்னோர் ஆண்டு தேவை என்று நான் தயங்காமல் சொல்வேன். பள்ளிக்கூடம் கொடுக்காமல் விட்ட ஆண்டை அவர்கள் திரும்பக் கேட்கிறார்கள். அவர்களுக்கு அது உரிமை.

என்னிடம் கேட்டு இரண்டாம் முறை எழுதியவர்களில் இருவர் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவார்கள். இருவருக்குமே ஐ.ஐ.டி. கிடைக்கவில்லை. பையன் ஒரு விடுதியில் தங்கிப் படித்தான். காலையில் வகுப்பு, மாலையில் மாதிரித் தேர்வு, ஞாயிற்றுக்கிழமை தரவரிசை. பிறகு பார்த்தபோது அந்த ஆண்டு எப்படிப் போனது என்று கேட்டேன். “எதுவுமே ஞாபகம் இல்ல மிஸ்” என்றான். ஒரு நண்பனின் பெயர்கூடச் சொல்லவில்லை. பெண் வீட்டிலிருந்தே படித்தாள். பதினொன்றாம் வகுப்பில் விட்டுப்போன சுழற்சி இயக்கத்தைப் பிடித்துக்கொண்டு, திண்ம உருளையும் உள்ளீடற்ற உருளையும் ஒரே சரிவில் உருண்டால் எது முதலில் இறங்கும் என்பதை வீட்டுப் பலகையைச் சாய்த்து வைத்து உருட்டிப் பார்த்திருக்கிறாள். “மிஸ், எடை எவ்வளவுன்னே பார்க்க வேண்டாம், எடை எங்கே இருக்குன்னு பார்த்தா போதும்!” என்று என்னிடம் சொன்னபோது அவள் குரலில் இருந்த ஆனந்தம் ஒரு வகுப்புக்கே போதும். இப்போது மாநில அரசுக் கல்லூரி ஒன்றில் இயந்திரப் பொறியியல் படிக்கிறாள். இருவரும் கொடுத்தது ஓர் ஆண்டுதான், இருவருக்கும் வந்த முடிவும் ஒன்றுதான். அவளிடம் அந்த ஆண்டு இருக்கிறது, அவனிடம் இல்லை.

இவர்கள் இருவரிடமிருந்தும்தான் என் பதில் எனக்குக் கிடைத்தது. இந்த முறை கிடைக்குமா என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. வினாத்தாள் எப்படி வரும், உடன் எழுதுகிறவர்கள் யார், அன்று உடம்பு எப்படி இருக்கும் என்பதெல்லாம் நம் கைக்கு அப்பால். ஆண்டு மட்டும் நம் கையில் இருக்கிறது. கிடைக்காமல் போனாலும் வாழ்ந்ததற்குப் பொருள் உள்ளதாக அந்த ஆண்டை அமைக்க முடியுமா என்று கேட்டால் அதற்குப் பதில் உண்டு.

அறிவியல் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் எனக்கு ஐன்ஸ்டைனின் ஓராண்டு நினைவுக்கு வருகிறது. 1895இல் சூரிச் நகரத்துப் பாலிடெக்னிக்கின் நுழைவுத் தேர்வை எழுதியபோது அவருக்கு வயது பதினாறு. வழக்கமான சேர்க்கை வயதுக்கு இரண்டு ஆண்டு குறைவு. கணிதத்திலும் இயற்பியலிலும் நன்றாகவே எழுதினார், பொதுப் பாடங்களில் தேறவில்லை. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வரும்படி அங்கே ஆலோசனை சொன்னார்கள். ஆராவ் என்ற சிற்றூரின் பள்ளியில் சேர்ந்து, அங்கே ஆசிரியராக இருந்த யோஸ்ட் வின்டெலரின் வீட்டில் தங்கிப் படித்தார். மனப்பாடத்தை வலியுறுத்தாத, பார்த்தும் செய்தும் கற்கவிட்ட பள்ளி அது. ஒளிக்கதிரின் பின்னால் அதே வேகத்தில் ஓடினால் ஒளி எப்படித் தெரியும் என்ற கேள்வி அவருக்குத் தோன்றியது அந்த ஆராவ் ஆண்டில்தான் என்று பின்னாளில் அவரே எழுதினார். 1896இல் சூரிச்சில் இடம் கிடைத்தது. தோற்ற தேர்வுக்காக ஓராண்டு முழுக்க அதே தாளை அவர் உருப்போடவில்லை. நல்ல பள்ளி, நல்ல மனிதர்கள், யோசிக்க நேரம் ஆகிய மூன்றும் அந்த ஆண்டில் இருந்தன.

மறுபடி முயலாமல் விட்டவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு ஐ.ஐ.டி. கிடைக்கவில்லை, வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியும் கிடைக்கவில்லை. பெற்றோர் பணியாற்றிய பரோடாவிலேயே இயற்பியல் பட்டப்படிப்பில் சேர்ந்தார். அமெரிக்காவில் ஓஹையோ பல்கலைக்கழகத்தில் 1976இல் இயற்பியல் முனைவர் பட்டமும் வாங்கினார். அதன் பிறகுதான் தன் மனம் உயிரியலில் இருப்பதை உணர்ந்து, சான் டியேகோவில் உயிரியல் மாணவராகச் சேர்ந்து அடிப்படையிலிருந்து படிக்கத் தொடங்கினார். ரைபோசோமின் கட்டமைப்பை ஆராய்ந்ததற்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்கும் இன்னும் இருவருக்கும் வந்தது. பரிசைவிட, முனைவர் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு மீண்டும் மாணவராகப் போய் உட்கார்ந்த அந்தத் துணிவுதான் எனக்குப் பெரிது. கல்லூரியின் பெயருக்காக அவர் இன்னோர் ஆண்டு கொடுக்கவில்லை. பாடத்துக்காக ஆண்டுகளைக் கொடுத்தார். யாரும் வற்புறுத்தாத நேரத்தில் கொடுத்தார்.

ஐ.ஐ.டி.க்குள் போகப் பதினெட்டு வயதில் திறக்கும் வாசல் ஒன்றுதான் என்ற எண்ணமும் சரியில்லை. பொறியியல் முடித்து கேட் தேர்வு வழியாக எம்.டெக்., அறிவியல் பட்டம் முடித்து ஜாம் தேர்வு வழியாக எம்.எஸ்சி., அதன்பின் ஆராய்ச்சி என்று வழிகள் உண்டு. கேட் தேர்வுக்கு வயது வரம்போ, இத்தனை முறைதான் என்ற கணக்கோ கிடையாது. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பில் ஜே.இ.இ. எழுதாமலே சேரலாம். திருச்சி என்.ஐ.டி. நம் ஊரிலேயே இருக்கிறது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரிக்குள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே, இருநூறுக்குக் கணக்கிடும் கட்-ஆஃப் வழியாகப் போகலாம். இவற்றில் ஒன்று கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டு வருவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

பெற்றோரிடம் எனக்குச் சொல்ல இருப்பவை மூன்று. ஓர் ஆண்டு என்பது பணமும்தான். கடன் வாங்கித்தான் பயிற்சிக்கு அனுப்ப முடியும் என்றால் அதைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். அந்தக் கடனைச் சொல்லிக் காட்டியபடி படிக்கவும் வைக்காதீர்கள். இரண்டாவது, பையனுக்கு யோசிக்காமல் தரும் ஓர் ஆண்டைப் பெண்ணுக்குத் தர எத்தனையோ வீடுகள் தயங்குகின்றன. “பொம்பளப் புள்ள, வருஷத்தை வீணாக்கலாமா?” என்று என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே கேட்டிருக்கிறார்கள். அவளுடைய ஆண்டுக்கும் இவனுடைய ஆண்டுக்கும் மாதங்கள் பன்னிரண்டுதான். தகுதியும் ஆசையும் இருக்கும் பெண்ணுக்கு அந்த ஆண்டைக் கொடுங்கள். மூன்றாவது, அந்த ஆண்டில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். நண்பர்களெல்லாம் கல்லூரிக்குப் போய்விட்டிருப்பார்கள். சாப்பாடு குறைந்தால், தூக்கம் கெட்டால், பேச்சு நின்றுபோனால், தேர்வை அப்படியே வைத்துவிட்டுப் பிள்ளையைக் கவனியுங்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எந்தக் கல்லூரியும் பிள்ளையின் உயிருக்கு ஈடில்லை. இதை வீட்டுக்குள் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளைக்குத் தெரியும் என்று நினைத்துச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

எழுதலாமா என்று கேட்கும் பிள்ளையிடம் கடைசியாக ஒன்று கேட்பேன். “ரெண்டாவது தடவையும் கிடைக்கலேன்னா, அடுத்த ஜூலையில எந்தக் காலேஜ்ல, என்ன படிப்புல சேருவே? இப்பவே சொல்லும்மா.” அந்தக் கல்லூரியின் பெயரை முகம் சுருங்காமல் சொல்ல முடிகிற பிள்ளைக்கு ஐ.ஐ.டி. ஓர் ஆசை, ஆசைக்காக ஓர் ஆண்டு உழைப்பது இளமைக்கு அழகு, தாராளமாக எழுதட்டும். அந்தப் பெயரைச் சொல்லவே முடியாமல் தொண்டை அடைக்கும் பிள்ளைக்கு ஐ.ஐ.டி. பயமாக மாறிவிட்டது. அந்தப் பிள்ளை இந்த ஆண்டே, கிடைத்த கல்லூரியில், நல்ல ஆசிரியர்களும் நண்பர்களும் உள்ள இடத்தில் சேர வேண்டும். அதற்குப் பக்கத்தில் நின்று கைகொடுப்பது பெற்றோரோடு என் வேலையும்தான்.