மழை குறையும் திசையில் ஒரு ரயில்

போர்ட் வைனுக்குப் பெயர் கொடுத்தது போர்ச்சுகலின் துறைமுக நகரமான போர்ட்டோ. அந்தத் திராட்சை விளைவதோ ஊருக்குக் கிழக்கே வெகு தூரத்தில், டோரோ ஆற்றின் இரு கரை மலைச்சரிவுகளில். விளைகிற இடத்தையே பார்க்க நினைப்பவர்களுக்கு சாவ் பென்டு நிலையத்திலிருந்து ஒரு ரயில் இருக்கிறது. மலைகளுக்குள் நுழைந்து, ஆற்றோரமாகவே ஊர்ந்து, மூன்றரை மணி நேரத்தில் பொசின்யு என்ற சிற்றூரில் போய் நிற்கும். தூரம் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். இந்தப் பாதையைப் புரிந்துகொள்ள ஒரு சூத்திரம் போதும்: ரயில் கிழக்கே போகப் போக மழை குறையும்; மழை குறையக் குறைய வைன் கனக்கும்; அதற்கேற்பத் தட்டில் இருப்பதும் மாறும்.

கிளம்புமுன் பாலம் கடந்து எதிர்க்கரையில் உள்ள வில நோவ தெ கையாவுக்குப் போய்வருவது நல்லது. டெய்லர், சாண்டிமன், கிரஹாம் என்று கூரைமேல் பெரிதாகப் பெயர் எழுதிய கிடங்குகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. மேட்டுப்பகுதி வெயிலில் பீப்பாய் வைன் சீக்கிரம் முதுமை தட்டிவிடும். கடற்காற்றின் ஈரக் குளிர்ச்சியில் நிதானமாக முதிரும். அதனால் ஆற்றோடு இறக்கிக் கொண்டுவந்தார்கள். 1986 வரை சட்டமும் இங்கிருந்துதான் ஏற்றுமதி என்று கட்டிப்போட்டிருந்தது. பெரிய தொட்டியில் காற்று அதிகம் படாமல் இருப்பது ரூபி. பழத்தின் சிவப்பும் வாசனையும் மாறாது. சிறு பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடப்பது டானி. நிறம் பழுப்பாகி, வறுத்த பருப்பு வாசம் வந்துவிடும். ரூபிக்கு சாக்லேட் பொருந்தும், டானிக்கு முட்டையும் சர்க்கரையும் சேர்ந்த போர்ச்சுகீசியப் பலகாரங்கள். ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும்: பலகாரம் வைனைவிட இனிப்பாக இருந்தால், நல்ல வைனும் நாக்கில் புளிப்பாகிவிடும்.

ரயில் ஏறி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் ஆறு கண்ணில் படாது. அதுவரை எங்கும் பச்சை. கருங்கல் நிலம், அட்லாண்டிக் கடல் தரும் தாராள மழை. இது வின்யோ வெர்தே நாடு. பழைய தோட்டங்களில் கொடிகளை மரத்திலும் உயரமான பந்தலிலும் ஏற்றியிருப்பார்கள். கீழே காய்கறி போடுவார்கள். ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்க அது ஒரு வழி, குறைந்த நிலத்தில் இரண்டு விளைச்சல் எடுக்கவும் ஒரு வழி. இங்கே வெள்ளை வைன்தான் பெயர் பெற்றது: நல்ல புளிப்பு, குறைந்த ஆல்கஹால், பல புட்டிகளில் லேசான நுரைத் துள்ளல். சுட்ட மத்தி மீனுக்கு எலுமிச்சை பிழிவது எதற்கோ, அதே வேலையை இந்த வைன் செய்கிறது. எண்ணெயை வெட்டி நாக்கைத் துடைத்துவிடும். பாயாவ் பக்கம் விளையும் அவெசு என்ற திராட்சை கொஞ்சம் சதைப்பற்றான வைன் தரும். பக்கல்யாவ் எனப்படும் உப்பிட்டு உலர்த்திய காட் மீனுக்கு அது தாக்குப்பிடிக்கும்.

ஆறு வலப்பக்கம் வந்து சேர்ந்ததும் காட்சி மாறுகிறது. மாராவ் மலை மழைமேகங்களைத் தடுத்து நிறுத்திவிட, அதற்கு அப்பால் வறட்சி தொடங்குகிறது. பார்கெய்ரஸ் அருகே டோரோ வைன் வட்டாரத்தின் எல்லை. கலப்படம் பெருகி விலை சரிந்த நாளில், 1756-ல், போர்ச்சுகலின் அமைச்சர் பொம்பால் பிரபு இந்த வட்டாரத்துக்கு எல்லை வகுத்தார். கருங்கல் நட்டு அடையாளமும் வைக்கச் செய்தார். எல்டர் செடியின் பழச்சாற்றைக் கலந்து வைனுக்கு நிறம் ஏற்றும் வேலை நடந்ததால், அந்தச் செடிகளையே பிடுங்கி எறியச் சொல்லி உத்தரவு போனது.

ரெகுவா என்ற ஊருக்கு 1879-ல் ரயில் வந்து சேர்ந்தது. வெள்ளை உடுப்பு அணிந்த பெண்கள் கூடையோடு நிலையத்தில் சர்க்கரை மிட்டாய் விற்பது இந்த ஊரின் அடையாளம். சாப்பாட்டு நேரமானால் இறங்கி, அடுப்பில் வாட்டிய இளம் ஆட்டுக்கறியும் அதன் சாறு இறங்கிய சோறும் கேளுங்கள். கூடவே இந்த ஊர்ச் சிவப்பு வைன். வைனின் துவர்ப்பு கறியின் புரதத்தோடும் கொழுப்போடும் சேர்ந்து மென்மையாகிவிடுகிறது; அதே வைனை வெறும் வாயில் குடித்தால் பாக்கு மென்றதுபோல நாக்கு இழுக்கும். இங்கே சாப்பாடு வைனுக்குச் சைட் டிஷ் அல்ல. வைன்தான் சாப்பாட்டுக்குத் துணை.

பின்யாவ் நிலையத்தில் சுவரெல்லாம் 1937-ல் பதித்த நீல ஓட்டுச் சித்திரங்கள், 24 பலகைகள். அறுவடை, கூடை சுமக்கும் ஆட்கள், பீப்பாய் ஏற்றிய ரபேலோ படகுகள் என்று வட்டாரத்தின் முழு வேலையும் அதில் இருக்கிறது. வெளியே வந்தால் மலை முழுக்கப் படிப்படியாகக் கல்வரப்புகள். மண் என்று சொல்ல அதிகமில்லை. அடுக்கடுக்காகப் பிளந்த சிஸ்ட் பாறைதான். வேர் அந்தப் பிளவுக்குள் ஆழமாக இறங்கித் தண்ணீர் தேடும். பகலில் வாங்கிய சூட்டைப் பாறை இரவில் திருப்பித் தரும். இங்கே ராணி தோரிகா நசியோனால். சிறிய பழம், தடித்த தோல், குறைந்த விளைச்சல், வயலட் பூ வாசம். தோரிகா பிராங்கா வெயிலுக்கு அஞ்சாதது. திண்டா ரோரிஸ், ஸ்பெயினில் டெம்ப்ரனியோ என்று அழைக்கப்படும் அதே திராட்சை. பழைய தோட்டங்களில் இவையெல்லாம் ஒரே வரிசையில் கலந்து நிற்கும், கலந்தே பறிப்பார்கள்.

பறித்த பழம் சில பண்ணைகளில் இன்னும் கருங்கல் தொட்டிக்குத்தான் போகிறது. மாலையில் ஆட்கள் அரைக்கால் சட்டையோடு இறங்கி, தோளோடு தோள் கைகோத்து வரிசையாக நிற்பார்கள். ஒருவர் இடது, வலது என்று குரல் கொடுக்க, தொடை வரை ஏறிய பழக்கூழில் மெல்ல மெல்ல மிதித்து முன்னேறுவார்கள். காலடி தோலைப் பிழியும், கொட்டையை உடைக்காது. உடைந்தால் கசப்பு இறங்கிவிடும். இரண்டு மூன்று நாள் நொதித்து, சர்க்கரையில் ஏறக்குறையப் பாதி கரைந்ததும், 77 சதவீத ஆல்கஹால் கொண்ட திராட்சைச் சாராயத்தை ஊற்றுவார்கள். நாலு பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு. ஈஸ்ட் செத்துப்போகும், மீதிச் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். போர்ட்டின் இனிப்பும் 20 சதவீதத்தை ஒட்டிய வீரியமும் வருவது இப்படித்தான்.

துவா நிலையம் தாண்டியதும் பள்ளத்தாக்கு நெருங்குகிறது. வலெய்ரா என்ற இடத்தில் முன்பு பாறையும் நீர்ச்சுழலும் படகுகளை மறித்தன. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாறையை உடைத்து வழி செய்த பிறகே இதற்கு மேலுள்ள நிலங்களில் திராட்சை பரவியது. டோரோவை அளந்து வரைபடம் போட்ட ஆங்கிலேய வணிகர் ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர் 1861-ல் இங்கேதான் படகு கவிழ்ந்து இறந்தார். கூட இருந்த பண்ணைச் சீமாட்டி தோனா அந்தோனியா ஃபெரெய்ரா, விரிந்த பாவாடை மிதந்து தாங்கியதால் பிழைத்தார் என்று சொல்வார்கள். 1970-களில் அணை வந்து சுழல் தண்ணீருக்குள் போய்விட்டது.

பாலம் கடந்து தென்கரைக்கு மாறும் ரயில், ஆலிவும் பாதாமும் நிற்கும் காய்ந்த நாட்டுக்குள் போகிறது. தோனா அந்தோனியா உருவாக்கிய வாலே மெயாவ் பண்ணை இங்கே. அந்தப் பண்ணைத் திராட்சையை வைத்து 1952-ல் ஃபெர்னாந்து நிக்கோலாவ் தெ அல்மெய்தா என்பவர் இனிப்பில்லாத ஒரு சிவப்பு வைன் செய்தார். மின்சாரம் இல்லாத இடத்தில் நொதியின் சூட்டைத் தணிக்க லாரியில் ஐஸ் வரவழைத்தார். பார்க்கா வெல்யா என்ற பெயரில் வந்த அந்த வைன், டோரோ என்றால் போர்ட் மட்டுமே என்ற எண்ணத்தை உடைத்தது. இன்றும் தரம் தேறிய ஆண்டுகளில்தான் வெளிவருகிறது.

பொசின்யுவில் பாதை முடிகிறது. 1887-ல் ஸ்பெயின் எல்லை வரை போட்ட தண்டவாளத்தில், இதற்கு மேலுள்ள பகுதியை 1988-ல் மூடிவிட்டார்கள். அக்கரையில் தோர்ரெ தெ மொன்கோர்வு என்ற ஊர், சர்க்கரை பூசிய பாதாமுக்குப் பெயர் போனது. அதையும் டானியையும் சேர்த்துச் சுவைத்துப் பாருங்கள்.

போகிறவர்கள் ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். வெயில் 40 டிகிரியைத் தாண்டும். செப்டம்பரில் போனால் அறுவடை பார்க்கலாம். ஆற்றைப் பார்க்க, தென்கரைக்கு மாறும் பாலம் வரை வலப்பக்க ஜன்னல், அதன்பின் இடப்பக்கம். வாடகைக் கார் மட்டும் வேண்டாம். அந்த மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுபவர் ஒரு வாய்கூடச் சுவைக்க முடியாது.