தறி நின்ற நேரம்

63ஆம் வயதில் பியானோ கற்கத் தொடங்கியவனைப் பார்த்து நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. என் வீட்டார் முன்னாலேயே சிரித்து முடித்துவிட்டார்கள்.

அந்தப் பியானோ ஏற்காட்டிலிருந்து வந்தது. அங்கே ஒரு பழைய பங்களா கைமாறியபோது, வாங்கியவர் அது வேண்டாமென்றார், நான் வேண்டுமென்றேன். சின்ன லாரியில் கட்டி, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் இறக்கிக்கொண்டு வந்தோம். வளைவுக்கு வளைவு உள்ளே கம்பிகள் எல்லாம் சேர்ந்து முனகின. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் எத்தனையோ வருஷம் இருந்த மரம் சேலத்து வெயிலுக்கு வந்தால் என்ன ஆகும்? நம் வீட்டுக் கதவுகள் சித்திரையில் வற்றி ஐப்பசியில் ஊதிக்கொள்கின்றனவே, அதே கதைதான். பலகை வற்றினால் கம்பியின் இழுப்புத் தளரும், சுருதி இறங்கும். கம்பிகளோ 200க்கும் மேல். ஒவ்வொன்றையும் முறுக்கிச் சேர்க்க பெங்களூரிலிருந்து ஆள் வர வேண்டும். வந்தவர், "இந்தச் செலவுக்கு நீங்கள் ஒரு வீணை வாங்கியிருக்கலாம்" என்று உபதேசம் செய்துவிட்டு, தம் கூலியைக் காசு குறையாமல் வாங்கிக்கொண்டு போனார்.

நான் எடுத்துக்கொண்டது சிறு பிள்ளைகள் வாசிக்கும் உருப்படி. ஜி மேஜரில் ஒரு மினுவெட். 32 கட்டங்கள், மூன்று மூன்றாக எண்ணும் தாளம், சங்கராபரணம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்நியமாகப் படாத ஸ்வரங்கள். ஜெர்மானிய மேதை பாக் தம் மனைவி அன்னா மக்தலேனாவுக்காக 1725இல் ஏற்படுத்திய நோட்டுப் புத்தகத்தில் இருப்பது. ஆக்கியவர் பெயர் அதில் எழுதப்படவில்லை. அதனால் வெகு காலம் அது பாக் செய்ததென்றே உலகம் நம்பியது. கிறிஸ்டியன் பெட்சோல்ட் என்ற ஆர்கன் வித்துவானுடையது என்பது 1970களில்தான் தெரிய வந்தது. பாவம், அவர் இறந்தது 1733இல். இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக, அவருக்கு வர வேண்டிய பாராட்டெல்லாம் வேறொருவர் விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு வருஷம் வாசித்தேன். பிறகு அந்த ஆசை வந்தது. யாராவது கேட்க வேண்டும் என்ற ஆசை. எழுதுகிறவனுக்கு இந்த வியாதி புதிதல்ல.

ஆனால் பதிவு செய்வது எளிதாக இல்லை. நான் இருப்பது அம்மாப்பேட்டை. சுவருக்கு அந்தப்புறம் விசைத்தறி. காலை முதல் இரவு வரை அது போடும் தாளம் என் மினுவெட்டுக்குச் சற்றும் ஒத்துவராது. கடைசியில் ஒரு யோசனை தோன்றியது. மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்களே, பத்திரிகையில்கூட அறிவிப்பு வருமே, அந்த நாளுக்குக் காத்திருந்தேன். பியானோவுக்கு மின்சாரம் வேண்டாம், தறிக்கு வேண்டும். அன்று காலை ஒன்பது மணிக்குத் தெருவே மூச்சை அடக்கிக்கொண்டதுபோல நிசப்தமாயிற்று. புத்தக அடுக்கின்மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, மின்விசிறி இல்லாத மே மாதப் புழுக்கத்தில் 17 தடவை வாசித்தேன். 17ஆவது தேவலை என்று தோன்றியது. பதினோரு பேருக்கு அனுப்பினேன்.

அபிப்பிராயங்கள் வந்தன. கூப்பிய கைகள் நான்கு. உயர்த்திய கட்டைவிரல் இரண்டு. "கமகம் இல்லாத சங்கீதம் உப்பில்லாத பத்தியம்" என்றார் ஒரு கச்சேரி ரசிகர். மறதி நோய் வராமலிருக்க நல்ல பயிற்சி என்று ஒரு டாக்டர் நண்பர் தைரியம் சொன்னார். அடுத்த தடவை இஸ்திரி போட்ட சட்டை அணியும்படி என் மகள் கேட்டுக்கொண்டாள். பதினோராவதாக, சங்கீதம் நன்றாகத் தெரிந்த ஒரு பெரியவரிடமிருந்து இரண்டு வரி வந்தது: "நன்றாக இருக்கிறது. தொடர்ந்து வாசியுங்கள்."

அதைப் படித்ததும் என் முகம் சுண்டிப் போயிற்று. அவர் முழுக்கக் கேட்கவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த இரண்டு வரி என்னுடையது. கையெழுத்துப் பிரதி அனுப்பும் இளைஞர்களுக்கு முப்பது வருஷமாக நான் எழுதிவரும் வரி. 'வாசியுங்கள்' என்பதற்குப் பதில் 'எழுதுங்கள்' என்றிருக்கும், அவ்வளவே வித்தியாசம்.

நாமக்கல்லில் ஒரு விழாவுக்குப் போயிருந்தபோது நடந்தது அப்போது ஞாபகம் வந்தது. கூட்டம் கலைந்ததும் ஒருவர் தயங்கித் தயங்கி வந்தார். லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். கையில் பெயின்ட் கறை. சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தபால் கார்டை எடுத்து நீட்டினார். என் கையெழுத்து, 22 வருஷத்துக்கு முந்தைய தேதி. "ஐயா தொடர்ந்து எழுதச் சொல்லியிருந்தீங்க. இன்னும் ரெண்டு வருசம் எழுதினேனுங்க. எல்லாம் திரும்பி வந்துடுச்சு. எதனாலன்னு தெரியலீங்க. அப்புறம் பட்டறைக்கு வந்துட்டேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னார். அதுதான் என்னைத் தின்றது. அவருடைய நாவலில் நான் மூன்று பக்கத்துக்கு மேல் படித்ததில்லை.

இந்த நினைப்போடு வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது தறிக்கார முதலியார் வந்தார். மின்சாரம் நின்ற அன்று அவர் சும்மா உட்கார்ந்து 17 தடவையும் கேட்டிருக்கிறார். உலகத்திலேயே என் வாசிப்பை முழுமையாகக் கேட்ட ரசிகர் அவர் ஒருவர்தான்.

"ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே? பாதி தாண்டினதும் ஒரு எடத்துல எல்லாத் தடவையும் தடுக்குதுங்க."

"ஆமாம், அங்கே புதிதாக ஒரு கறுப்புக் கட்டை வருகிறது. கஷ்டமான இடம்" என்றேன்.

"அந்த எடத்துல கோளாறு இல்லீங்க, ஐயா. அதுக்கு முன்னாடியே இழை தளர்ந்துடுது. வரப்போகுதுன்னு பயந்து முன்னாலயே மெதுவாப் போறீங்க. தறிக்காரனுக்குக் காதுதானுங்க கண்ணு."

எனக்கு ரோஷம் வந்தது. பியானோவைக் கண்ணால் பார்த்திராதவர் எனக்குச் சொல்வதா? பக்கத்துத் தெருவில் லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வுக்குத் தயாராகும் பெண் ஒருத்தி இருக்கிறாள், ஒன்பதாம் வகுப்பு. 2020இல் பெருந்தொற்று வந்தபோது அந்தத் தேர்வை வீட்டிலேயே படம் பிடித்து அனுப்பும் வழியும் ஏற்பட்டது. இடையில் வெட்டாமல், ஒட்டாமல் ஒரே மூச்சில் பிடித்ததாக இருக்க வேண்டும். அவளிடம் என் பதிவைக் கொடுத்தேன். ஓர் உருப்படிக்கு 22 மதிப்பெண்ணாம்: ஸ்வரம் தவறாமல் தடையின்றி வாசிப்பதற்கு 7, கை நுட்பத்துக்கு 7, கேட்பவர் மனத்தில் கொண்டு சேர்ப்பதற்கு 8. முகத்தை எக்ஸாமினர்போல வைத்துக்கொண்டு இரண்டு தடவை கேட்டாள்.

"4, 3, 5. மொத்தம் 12, தாத்தா. சி ஷார்ப் வர்றதுக்கு முந்தின கட்டத்துலேயே வேகம் குறையுது. இடது கையை நீங்க கேக்கறதே இல்லை."

நூற்றுக்கு 60 வந்தால்தான் தேர்ச்சி. கணக்குப் போட்டுப் பார்த்தேன், தேறவில்லை. ஆனாலும் அன்றிரவு எத்தனையோ நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். இரண்டு பேர் என் பாட்டைக் கேட்டிருக்கிறார்கள்!

மறுநாள் நாமக்கல்லுக்குக் கடிதம் எழுதினேன். அந்த நாவல் இருக்கிறதா, இருந்தால் அனுப்ப முடியுமா என்று கேட்டேன். பத்து நாள் பதில் இல்லை. பதினோராம் நாள் பஸ் பார்சலில் வந்தது. 214 பக்கம், மூலைகளை எலி ருசி பார்த்திருந்தது. பரணில் கிடந்ததாகவும், 'இப்ப எதுக்குங்க ஐயா' என்றும் ஒரு துண்டுச் சீட்டு.

நாலாம் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். மோகனூர்க் காவிரிக் கரை, வெற்றிலைக் கொடிக்கால், வாய் பேசாத ஒரு தகப்பன். நான் எழுதியிருக்கக் கூடாதா என்று பொறாமைப்பட வைக்கும் பக்கங்கள் சில இருக்கின்றன. 31ஆம் பக்கத்தில் கதை தடுக்கி விழுகிறது. நேற்றுப் பகல் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தேன். 27ஆம் பக்கத்திலேயே, மகன் வீட்டை விட்டுப் போகப் போகிறான் என்று பயந்து, தகப்பனைப் பேச வைத்துவிட்டார். பென்சிலைத் தேடி எடுத்து ஓரத்தில் குறிக்க உட்கார்ந்தேன்.

சுவருக்கு அந்தப்புறம் தறி திடீரென்று நின்றது. மின்சாரம் போயிருந்தது. பியானோ மூடியே கிடந்தது. ஜன்னலோரம் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு 28ஆம் பக்கத்தைத் திருப்பினேன்.