நூற்றி முப்பத்திரண்டு

பந்து போனில் பட்ட சத்தம் எங்கள் நாலுபேருக்கும் ஒரே மாதிரிக் கேட்கவில்லை. தேங்காய் உடைச்ச மாதிரி எண்டு ஒருத்தன் சொல்கிறான். இல்லை, ஓடு விழுந்த மாதிரி எண்டு மற்றவன். போனின் சொந்தக்காரி தனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை என்கிறாள். தூரத்தில் பந்து வீசிவிட்டு நின்ற தம்பி மட்டும் "விக்கெட்டோ?" எண்டு கத்தினான்.

எங்களில் இருவர் வாடகைக்கு இருக்கும் வீட்டு அன்ரியின் கடைசி மகன்தான் அந்தத் தம்பி. வயது 17. வேகப்பந்து. பின்னேரம் ஐந்து மணிக்கு அவன் கிரவுண்டுக்குப் போனால் நாங்களும் பின்னால் போவோம். அசைன்மென்ட் எழுதாமல் இருக்க அதைவிட நல்ல காரணம் கிடைக்காது. அந்த மாதம் அவன் கொழும்பில் நடக்கவிருந்த ஒரு தெரிவுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க இருந்தான். பந்து வீசும் வீடியோ ஒன்று கேட்டிருந்தார்கள். படிவத்தில் வேகம் எழுதவும் ஒரு கட்டம் இருந்தது.

அந்தக் கட்டத்தை நிரப்பும் பொறுப்பை நாங்களாகவே எடுத்துக்கொண்டோம். கலைப்பீடத்து ஆட்கள், நாலுபேருக்கும் கணக்கு சாதாரண தரத்தோடு முடிந்தது. ஆனாலும் போனில் ஒரு செயலி இருந்தது. விக்கெட்டுக்குப் பின்னால் போனை வைத்து வீடியோ எடுக்க வேண்டும். பிறகு அதை ஓடவிட்டு, பந்து கையை விட்டுப் போகும்போது ஒரு தட்டு, விக்கெட்டை எட்டும்போது ஒரு தட்டு. இடையில் உள்ள தூரம் அதற்குத் தெரியும். ஒரு கிரீஸிலிருந்து மற்றக் கிரீஸுக்கு 17.68 மீற்றர். மிச்சத்தை அது வகுத்துச் சொல்லும்.

ஐந்தாவது பந்துக்கு 132 காட்டியது. கிரவுண்டில் நின்ற சின்னப் பெடியள் எல்லாம் ஓடி வந்து போனைப் பார்த்தார்கள். தம்பி அன்றைக்கு இரவே அதை வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். நாங்கள் நாலுபேரும் இதயம் போட்டோம்.

அடுத்த நாள் இன்னும் நல்ல வீடியோ வேணும் எண்டு திரும்பப் போனோம். பயிற்சி வலைக்கு வெளியே போனை வைத்தால் படத்தில் கோடு கோடாக வலை விழுகிறது. அதனால் உள்ளே வைத்தோம், விக்கெட்டுக்குப் பின்னால், பெரிய அடி இரண்டு தள்ளி, சின்ன ட்ரைபொட்டில். ஏழாவது பந்து யோர்க்கராகப் போக வேண்டியது, கொஞ்சம் கட்டையாக விழுந்து, ஓஃப் ஸ்டம்புக்கு வெளியால் போய் நேரே போனில்.

அந்தப் போனுக்குள் என்ன இருந்தது எண்டு சொல்ல வேண்டும். அவளுடைய இறுதியாண்டு ஆய்வு, அம்மம்மா பாடிய பாட்டுகள் பற்றியது. தாலாட்டு, அருவி வெட்டுப் பாட்டு, இரண்டு ஒப்பாரி. பதினொரு ஒலிப்பதிவுகள். ட்ரைவில் போடுவம், போடுவம் எண்டு ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மம்மா இருக்கிறா. ஆனால் ஒப்பாரியை இன்னொருமுறை பாடச் சொல்லிக் கேட்க இவளுக்கு மனம் வராது. முதல்தரம் பாடி முடித்து அம்மம்மா இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

திருத்தக் குடுத்த கடையில் ஒன்பது நாள் எடுத்தார்கள். திரை முற்றாகப் போய்விட்டது, போர்ட் தப்பியது, பதினொரு பதிவும் தப்பியது. பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபா. நாலாகப் பிரித்தோம். அந்த மாதம் கன்ரீனில் நாங்கள் சாப்பிட்டதைப் பற்றி எழுதாமல் விடுவது நல்லது.

அந்த ஒன்பது நாளும் இரவில் ஒரே தேடல்தான். வேகத்தை அளக்கும் ஒரு கருவியை, அளக்கப்படுகிற சாமானிடமிருந்து எப்படிக் காப்பாற்றுகிறார்கள்? கிரிக்கெட்டில் பெரிய இடங்களில் ராடார் வைத்திருக்கிறார்கள், அதனால் அங்கே எங்கள் பிரச்சினை இல்லை. தேடிக்கொண்டு போன இடத்தில் அகப்பட்டவர்கள் துவக்குக்காரர். அமெரிக்காவில் சுடுதளங்களில் பொழுதுபோக்குக்குச் சுடுகிறவர்கள். சன்னம் போகும் வேகத்தை அளக்க அவர்களிடம் குரோனோகிராப் எண்டு ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. ஒளியை உணரும் இரண்டு கண்கள், இடையில் ஓரடி அளவு தூரம். மேலே மெல்லிய கம்பிகளில் வெள்ளைத் தகடுகள். சன்னத்தின் நிழல் முதல் கண்ணைக் கடந்து இரண்டாவதைக் கடக்கும் நேரத்தை அது எண்ணும். செக்கனுக்கு 300 மீற்றர் போகும் சன்னத்துக்கு அந்த நேரம் செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

பிரச்சினை என்ன எண்டால், சன்னம் அந்தக் கண்களுக்குச் சில அங்குலம் மேலாகப் போக வேண்டும். கொஞ்சம் தாழ்ந்தால் பெட்டியே போச்சு. அப்படிச் சுட்டு உடைத்தவர்கள் ஒருவர் இருவர் இல்லை. சிரித்துக்கொண்டே உடைந்த பெட்டியைத் தூக்கிக் காட்டுகிறார்கள்.

முதல் வீடியோவைப் போட்ட உடனே பக்கத்து அறையிலிருந்து அன்ரி வந்து வாசலில் நின்றா. "பிள்ளையள், சத்தத்தைக் குறையுங்கோ." அவ்வளவுதான் சொன்னவ. எங்களுக்கு 2009இல் ஆறு, ஏழு வயது. அன்ரிக்கு அப்ப முப்பத்தைந்து இருக்கும். அதற்குப் பிறகு ஹெட்செட் போட்டுத்தான் பார்த்தோம். இரண்டு பேருக்கு ஒரு ஹெட்செட், ஆளுக்கொரு காது. எங்களுடைய ஊரில் துவக்கு எண்ட சொல்லுக்குப் பக்கத்தில் பொழுதுபோக்கு எண்ட சொல்லை வைத்துப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் பார்த்தோம், அவர்களிடம் எங்களுக்குத் தேவையானது இருந்தது.

அவர்கள் பெட்டியை உடைப்பதற்கு ஒரு காரணம் கைநடுக்கம் இல்லை. துவக்கில் பூட்டும் ஸ்கோப் குழலுக்கு மேலே ஒரு நாலு சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஸ்கோப்புக்குள்ளால் பார்த்தால் பெட்டிக்கு மேலே வழி வடிவாகத் தெரியும். ஆனால் சன்னம் கண்ணிலிருந்து புறப்படுவதில்லை, குழலிலிருந்து. கிட்ட இருக்கும் பெட்டிக்கு அந்த நாலு சென்ரிமீற்றர் போதும். அதனால் அனுபவக்காரர் ஸ்கோப்பை நம்பாமல், வெற்றுத் துவக்கின் பின்பக்கத்தைத் திறந்து, குழலுக்குள்ளாலேயே பார்த்துப் பெட்டியை வைக்கிறார்கள்.

இதைப் பார்த்தவுடன் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நாங்களும் அதைத்தானே செய்தோம். தம்பி வீசும் இடத்தில் நின்று, எங்கள் கண் உயரத்திலிருந்து பார்த்து, "போன் பத்திரமா இருக்கு, ஸ்டம்ப் மறைக்குது" எண்டு சொல்லிக்கொண்டோம். பந்து வருவது எங்கள் கண்ணிலிருந்து இல்லை. அவனுடைய கை உயரத்திலிருந்து நிலத்துக்கு, நிலத்திலிருந்து மேலே. அடுத்த நாள் ஒரு சணல் கயிற்றைக் கைவிடும் உயரத்திலிருந்து பந்து குத்தும் இடத்துக்கும், அங்கிருந்து விக்கெட்டுக்கும் இழுத்துப் பிடித்துப் பார்த்தோம். கயிறு போன் நின்ற இடத்துக்கு மேலாகத் தடவிக்கொண்டு போனது. ஆறு பந்து தப்பியதுதான் அதிசயம்.

இன்னும் சில வேலைகளும் செய்கிறார்கள். பெட்டிக்கு முன்னால் தடித்த இரும்புத் தகடு. கம்பிகளை எடுத்துவிட்டு மெல்லிய மரக்குச்சி, பட்டால் குச்சி முறியும், பெட்டியை இழுத்துக்கொண்டு போகாது. எண் காட்டும் பகுதியை நீளமான வயரில் தங்களுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது. அதாவது மலிவானது பாதையில், விலை கூடியது பக்கத்தில். காசுள்ளவர் பாதையில் ஒன்றுமே வைக்காமல், துவக்குக்குப் பக்கத்தில் நிற்கும் சின்ன ராடாரை வாங்கிவிடுகிறார்.

எங்களில் வரலாறு படிக்கிறவன் இதற்குள் வேறு பக்கம் போய்விட்டான். சன்னத்தின் வேகத்தை ஒழுங்காக அளந்த முதல் ஆட்களில் ஒருவர் பெஞ்சமின் ரொபின்ஸ் எண்ட ஆங்கிலேயர், 1742இல் புத்தகம் போட்டவர். அவருடைய கருவி அடி வாங்குவதற்காகவே செய்தது. தொங்கும் கனத்த மரக்கட்டைக்குச் சுடுவார், கட்டை எவ்வளவு பின்னால் ஆடுகிறது என்பதை வைத்து வேகத்தைக் கணக்கிடுவார். அந்த மனுசன் பிறகு கிழக்கிந்தியக் கம்பனிக்குக் கோட்டை திருத்த வந்து, 1751இல் கடலூர் சென் டேவிட் கோட்டையில் இறந்திருக்கிறார். எங்கட பக்கத்துக் கடலுக்கு அந்தக் கரையில். இதற்கும் எங்கள் வேலைக்கும் சம்பந்தமில்லைத்தான். ஆனால் இரண்டு நாள் அவன் அதைப் பற்றித்தான் கதைத்தான்.

பௌதிகவியல் படிக்கும் ஒரு நண்பனிடம் ஒரு கணக்குப் போட்டுத் தரக் கேட்டோம். 160 கிராம் பந்து மணிக்கு 110 கிலோமீற்றரில் வந்தால் கிட்டத்தட்ட 75 யூல் சக்தி. ஒலிம்பிக்கில் 10 மீற்றர் போட்டிக்குச் சுடும் காற்றுத் துவக்கின் சன்னத்துக்கு எட்டு யூல்கூட வராது. போன் உடைந்ததற்கு இனி நாங்கள் வெட்கப்படத் தேவையில்லை.

மூன்றாவது முறை போனபோது போன் பக்கவாட்டில் நின்றது. இது இன்னொருத்தரின் போன், செக்கனுக்கு 240 பிறேம் எடுக்கும். பந்து போகும் கோட்டோடு ஒட்டி, நாலு மீற்றர் இடைவெளியில் இரண்டு பூவரசங் கம்பு. அவைதான் எங்கள் மரக்குச்சிகள். அடிபட்டால் வேலியில் இன்னும் இருக்கிறது. போனுக்கு முன்னால், எங்களில் ஒருத்தியின் அப்பா கழித்துவிட்ட மீன்வலை. இதில் ஒரு விசயம் பிழைத்துத்தான் படித்தோம். வலையை இழுத்து இறுக்கிக் கட்டி, பின்னால் போன் அளவுக்கு ஒரு ஓட்டுத்துண்டை வைத்துப் பந்தால் எறிந்தோம். வலை பந்தோடு சேர்ந்து வந்து ஓட்டை உடைத்தது. பிறகு தளர்வாகத் தொங்கவிட்டு, ஒரு கை நீளம் பின்னால் வைத்தோம். பந்து வலைக்குள் சுருண்டு விழுந்தது. வலைக்கண் கமராவை மறைக்கவும் இல்லை, அந்த ஒரு கண்ணை மட்டும் விரித்து முடிச்சுப் போட்டது அந்த அப்பாவின் யோசனை.

பன்னிரண்டு பந்து. வீட்டுக்கு வந்து பிறேம் பிறேமாக எண்ணினோம். முதல் கம்பிலிருந்து இரண்டாவது கம்புக்கு 30 பிறேம், 32, 33, 31, 32. முப்பது பிறேம் என்றால் 115 கிலோமீற்றர். முப்பத்து மூன்று என்றால் 105க்குக் கொஞ்சம் கீழே. பெரும்பாலும் 110க்குப் பக்கத்தில்.

132 எங்கேயிருந்து வந்தது எண்டு அப்போதுதான் விளங்கியது. பந்து கையை விட்டுப் போவதைக் கண்டபிறகு தட்டுகிறோம், அதனால் பிந்துகிறோம். விக்கெட்டுக்கு வருவது முன்னாலேயே தெரிகிறது, அதனால் பிந்துவதில்லை. அரைச் செக்கன் அளவான ஒரு விசயத்தில் இவ்வளவு போதும். பெரிய மெசினுக்கும் பிழைக்கும். 2020இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் மதீஷ பதிரனவின் ஒரு பந்துக்கு 175 காட்டியது, சொயிப் அக்தாரின் 161.3ஐ விடக் கூட. அதை ஒருவரும் நம்பவில்லை. 132ஐ நாங்கள் நம்பினோம், ஏனென்றால் நம்பலாம் போல இருந்தது. போனுக்கு வலை கட்ட எங்களுக்கு இரண்டு கிழமை எடுத்தது. அந்த எண்ணை அவனிடம் சொல்ல ஒரு நிமிசம்கூட எடுக்கவில்லை.

யார் சொல்வது எண்டு எங்களுக்குள் பெரிய இழுபறி. ஒருத்தன், 132 எண்டே எழுதட்டும், அங்கே போனால் அவையே அளந்து பார்ப்பினம் என்றான். போன் உடைந்தவள்தான், "அங்க எல்லாருக்கும் முன்னால அளப்பினம்" என்றாள். பிறகு அவளே சொன்னாள். குசினித் திண்ணையில் வைத்து, எண்ணிய கொப்பியையும் காட்டி.

தம்பி கொப்பியைக் கனநேரம் பார்த்தான். "அப்ப அந்த 132?"

"அது நாங்கள் விட்ட பிழை."

"கம்பைக் கொஞ்சம் கிட்ட வைச்சா கூடக் காட்டும் என்ன அக்கா?"

"காட்டும்."

அவன் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனான். கோபித்துக்கொண்டு போகிறான் எண்டுதான் நினைத்தோம். அன்ரியின் தையல் மெசின் லாச்சியிலிருந்து அளவுநாடாவை எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்குப் போயிருக்கிறான். கம்புகளை நாங்கள் பிடுங்காமல் விட்டுவிட்டு வந்திருந்தோம். அரை மணித்தியாலத்தால் திரும்பி வந்து வாசலில் நின்றே கேட்டான்.

"நாலு மீற்றர் எண்டு எதால அளந்தனீங்கள்?"

அடியால் அளந்து, பிறகு கண்ணால் சரி பார்த்தோம் எண்டு சொல்ல வாய் வரவில்லை.

"மூண்டு தொண்ணூற்றேழுதான் இருக்கு" என்றான். கொப்பியை வாங்கி, போனில் தானே வகுத்துப் பார்த்தான். 110 இன்னும் கொஞ்சம் குறைந்தது. படிவத்தைக் கொண்டுவந்து கட்டத்துக்குள் 109 எண்டு எழுதினான். பிறகு ஸ்டேட்டஸில் எங்களுடைய இதயங்களோடு இருந்த ஸ்கிறீன்சொட்டை அழிக்க கலரிக்குள் தேடத் தொடங்கினான்.