மெரினா எனும் ஓசி ஜிம்!

சாயங்கால மெரினா உங்களுக்குத் தெரியும். பஜ்ஜி, பட்டம், பலூன் சுடுறது, குடைக்குள்ள கடலை! காலை அஞ்சரை மணி மெரினா தெரியுமா பாஸ்? அது வேற ஊரு. தூங்கி வழியுற ரூம்மேட்டை உதைச்சு எழுப்பி ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. ஷூ இருந்தா போதும், பர்ஸ் வேண்டாம்.

உழைப்பாளர் சிலைகிட்ட ஆரம்பிப்போம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடிச்ச இந்த நாலு பேரும் 1959-லேர்ந்து பாறையைத் தள்ளிட்டே இருக்காங்க. பாறை ஒரு இஞ்ச் நகரலை. ஆனா அந்தக் கையையும் முதுகையும் பாருங்க! 'இந்த பாடி வேணும், என்ன சாப்பிடணும்?'னு கேட்கத் தோணுதா? அங்கதான் சிக்கல் ஆரம்பிக்குது.

படத்துல ஹீரோ சிக்ஸ் பேக் காட்டினா, மறுநாளே அவரோட டயட் சார்ட் ஹாஸ்டல் முழுக்கச் சுத்துது. மெஸ் பில் கட்ட வெச்சிருந்த காசு புரோட்டீன் டப்பாவா மாறுது. ஆனா அந்த சார்ட் அவர் உடம்புக்குப் போட்டது. உங்களுக்குப் பொருந்துமா?

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1990-களில் 'ஹெரிட்டேஜ்'னு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நூற்றுக்கணக்கான பேருக்கு 20 வாரம் ஒரே மாதிரி சைக்கிள் பயிற்சி. ரிசல்ட்? சிலருக்கு ஸ்டாமினா எக்கச்சக்கமா ஏறிச்சு. சிலருக்கு அசையவே இல்லை. பயிற்சி ஒண்ணு, உடம்பு வேற வேற. ஆக, உங்களுக்கு எது செட் ஆகும்னு நீங்கதான் சோதிச்சுப் பார்க்கணும். அதுக்கு மெரினாவைவிட நல்ல லேப் கிடையாது. ஃபீஸும் கிடையாது!

முதல் ஸ்டாப்: அளவு எடுங்க

சிலையிலேர்ந்து கலங்கரை விளக்கம் வரைக்கும் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். மேடு பள்ளம் இல்லாத நேர் பாதை. 12 நிமிஷத்துல எவ்வளவு தூரம் போறீங்கன்னு பாருங்க. அமெரிக்க விமானப்படைக்காக கென்னத் கூப்பர்ங்கிற டாக்டர் 1968-ல கொண்டுவந்த டெஸ்ட் இது. ஓட முடியலைன்னா நடங்க, தப்பில்லை. எங்க நின்னீங்களோ அந்த இடத்தை நோட்டுல எழுதிக்கங்க. 'கண்ணகி சிலை தாண்டி நாலாவது லைட் கம்பம்'னு எழுதினாலும் சரி. கூடவே, காலையில கண் முழிச்சதும் படுக்கையிலேயே பார்த்த நாடித் துடிப்பு, எத்தனை மணி நேரத் தூக்கம், வயிறு எப்படி... இவ்வளவுதான் உங்க ரெக்கார்ட் நோட்!

ரெண்டாவது ஸ்டாப்: மணல்

இடது பக்கம் திரும்பினா, போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிற பசங்க மணல்ல மூச்சிரைக்க ஓடுறதைப் பார்க்கலாம். கெட்டித் தரையில ஓடுறதைவிட மணல்ல ஓட 1.6 மடங்கு சக்தி செலவாகும்னு 1998-ல பெல்ஜியத்துல அளந்து சொல்லியிருக்காங்க. உடனே குதிச்சிடாதீங்க! பழகாத கெண்டைக்கால் ரெண்டே நாள்ல அழும். அஞ்சு நிமிஷத்துல ஆரம்பிங்க. பக்கத்துலேயே சிலம்பம் சுத்துறவங்க, வாலிபால் ஆடுறவங்க, கைவீசி நடக்கிற மாமா மாமிகள்... எது உங்களைத் திங்கட்கிழமையும் எழுப்புதோ அதுதான் உங்க பயிற்சி.

ஓடின வேர்வையோட கடல்ல மட்டும் இறங்காதீங்க. இந்த அலை ஆளை இழுக்கிற அலை.

மூணாவது ஸ்டாப்: வண்டிக்கடை

நடைபாதை ஓரமா அருகம்புல், வாழைத்தண்டு, கேப்பைக்கூழ்னு வண்டிகள் வரிசையா நிக்கும். ஒரே டம்ளர்ல சகல நோயும் பறந்துடும்னு போர்டு சொல்லும். போர்டை விடுங்க, உங்க வயித்தைக் கேளுங்க. முதல் ரெண்டு வாரம் வெறும் வயித்துல ஓடுங்க. அடுத்த ரெண்டு வாரம் ஒரு வாழைப்பழம் தின்னுட்டு ஓடுங்க. தூரம் கூடுச்சா? தலை சுத்தல் நின்னுச்சா? ஓடி முடிச்சதும் கூழா, இட்லியா, ரெண்டு முட்டையா? ஒவ்வொண்ணா பாருங்க. ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம். இதுதான் ரூல். சாப்பாடு, ஓட்டம், தூக்கம் மூணையும் ஒரே வாரத்துல மாத்தினா, எது வேலை செஞ்சதுன்னு எப்படித் தெரியும்? கெமிஸ்ட்ரி லேப்ல மூணு ஆசிடை ஒண்ணா ஊத்துவீங்களா?

டப்பா வாங்குறதுக்கு முன்னாடி கணக்கு ஒண்ணு. கிலோவுக்கு 0.83 கிராம் புரோட்டீன்னு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல சொன்னது. 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 50 கிராம். வெயிட் தூக்குறவங்களுக்கு இன்னும் கொஞ்சம் வேணும். ஒரு முட்டையில 6 கிராம் இருக்கு. பருப்பு, தயிர், பாலும் கணக்குல சேரும். சாயங்காலம் இதே மணல்ல விக்கிற தேங்கா மாங்கா பட்டாணி சுண்டலை லேசா நினைக்காதீங்க. பட்டாணியில புரோட்டீனும் இரும்புச்சத்தும் இருக்கு. அந்த இரும்பை உடம்பு இழுத்துக்க மாங்காயோட புளிப்பு கைகொடுக்கும். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா அந்த வேலை கெட்டுடும்.

கேர்ள்ஸ், இது உங்களுக்கு ஸ்பெஷல் நோட். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுப் பெண்கள்ல பாதிப் பேருக்கு மேல ரத்தசோகை. நாலு லைட் கம்பம் தாண்டுறதுக்குள்ள மூச்சு வாங்கினா 'நான் சோம்பேறி'ன்னு முடிவு கட்டாதீங்க. முதல்ல ஹீமோகுளோபின் டெஸ்ட். டயட்னு பட்டினி கிடந்து பீரியட்ஸ் தள்ளிப்போனாலோ, யாருக்கா இருந்தாலும் நெஞ்சு வலிச்சாலோ, மயக்கம் வந்தாலோ சோதனை அங்கேயே ஸ்டாப். நேரா டாக்டர்.

கடைசி ஸ்டாப்: கலங்கரை விளக்கம்

விவேகானந்தர் இல்லம், குயின் மேரிஸ் காலேஜ் எல்லாம் தாண்டி இங்க வந்து சேரும்போது சூரியன் கடலை விட்டு நல்லா மேல வந்திருக்கும். நிழல்ல உட்கார்ந்து நோட்டைப் பிரிங்க. ஆறு வாரம் ஆச்சா? திரும்ப 12 நிமிஷ டெஸ்ட். ரெண்டு கம்பம் கூடுதலா தாண்டியிருந்தா அந்த வழியிலேயே போங்க. அசையலைன்னா கவலை வேண்டாம். ஒரு வழி உங்களுக்கு ஆகாதுன்னு தெரிஞ்சதும் ரிசல்ட்தான். அடுத்ததை ட்ரை பண்ணுங்க.

ரூம்மேட் உங்களைவிட சீக்கிரம் முன்னேறினா அவர் நோட்டைக் காப்பி அடிக்காதீங்க. இந்த ஒரு பரீட்சையில மட்டும் ஆளுக்கு ஒரு கொஸ்டின் பேப்பர்!