மகளுக்கு வாங்கிய படுக்கைப் பை

கல்யாணப் பட்டு எடுக்கக்கூட நான் இவ்வளவு கடை ஏறி இறங்கியதில்லை. 2023 டிசம்பரில் என் மகள் கல்லூரித் தோழிகளோடு உத்தராகண்டிலுள்ள கேதார்காந்தா மலைக்கு நடைப்பயணம் போவதாகச் சொன்னாள். சுமார் 12,500 அடி உயரம். சாங்க்ரி என்ற கிராமத்திலிருந்து ஏற வேண்டும். ராத்திரியில் பனியில் கூடாரம் போட்டுத் தூங்க வேண்டும். குளிர் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

"வீசிங் இருந்த பொண்ணை ஐஸ்ல படுக்க அனுப்பறியாம்மா?" என்றார் மாமியார். நியாயமான கேள்விதான். அவளுக்கு ஏழு வயதாகும் வரை, மார்கழி வந்தால் நானும் இவரும் மாற்றி மாற்றிக் கண் விழித்தவர்கள். டாக்டரிடம் காட்டினோம். "இப்போ நல்லா இருக்கா. இன்ஹேலரைக் கையோட வச்சுக்கட்டும். குளிர்ல நடுங்காம பார்த்துக்குங்க" என்றார். பார்த்துக்கொள்ள நானா கூடப் போகிறேன்? ராத்திரியில் அவளோடு இருக்கப் போவது ஸ்லீப்பிங் பேக் எனும் அந்தப் படுக்கைப் பை ஒன்றுதான். அதனால் அதை வாங்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

என் நாத்தனார் மகன் ராணுவத்தில் இருக்கிறான். லடாக்கில் இரண்டு குளிர்காலம் கழித்தவன். "அத்தை, பை சூடு தராது. நம்ம உடம்புச் சூட்டை வெளியே விடாம பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான்" என்றான். நம் காபி ஃபிளாஸ்க் கதைதான்! ஆகவே 'தாராளமாக இருக்கட்டும்' என்று பெரிதாக வாங்கக் கூடாது. உள்ளே காலியாகக் கிடக்கும் இடத்தையும் நம் உடம்பே சூடாக்க வேண்டியிருக்கும். பெரியவர்கள் பையில் சின்னக் குழந்தைகளைப் படுக்க வைத்தால் குளிர்வது இதனால்தான். குளிருக்கென்று வரும் பைகள் கால் பக்கம் குறுகி, தலைக்குக் குல்லாயோடு இருக்கின்றன. 'மம்மி' என்கிறார்கள். நம்மைச் சொல்லவில்லை, எகிப்து மம்மியை!

கடையில் ஒரு பையின் மேல் '-5' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உள்பக்கத் துணியில் தைத்திருந்த சின்னச் சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். அதில் மூன்று எண்கள். 'கம்ஃபர்ட்' 0, 'லிமிட்' -5, 'எக்ஸ்ட்ரீம்' -22. சகோதரிகளே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஐரோப்பாவில் 2002-ல் வந்த அளவுமுறை இது. சூடேற்றிய பொம்மையைப் பைக்குள் படுக்க வைத்துக் கணக்கிடுகிறார்கள். முதல் எண், சராசரிப் பெண் குளிராமல் சாதாரணமாகப் படுத்துத் தூங்கக்கூடிய அளவு. இரண்டாவது, சராசரி ஆண் சுருண்டு படுத்தால் சமாளிக்கக்கூடியது. மூன்றாவதைக் கேட்டு எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஒரு பெண் ஆறு மணி நேரம் உயிரோடு தாக்குப்பிடிக்கலாம் என்பதற்கான அளவாம் அது! தூக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆக, மேலே பெரிதாகப் போட்டிருந்தது ஆம்பிளைக் கணக்கு. நம் பெண்களுக்கு வாங்கும்போது முதல் எண்ணை மட்டும்தான் பார்க்க வேண்டும்.

'கம்ஃபர்ட்' -10 உள்ள பை ஒன்றைத் தேடிப் பிடித்தோம். மகள் கூச்சப்பட்டு ஒதுங்கி நின்றாள். நான் புடவையோடு கடைத் தரையிலேயே அதற்குள் நுழைந்து படுத்துவிட்டேன். "நீங்களும் மலைக்குப் போறீங்களாம்மா?" என்று கடைப் பையன் சிரித்தான். சிரித்தால் சிரிக்கட்டும். உள்ளே இருந்தபடி ஜிப்பைத் திறக்க முடிகிறதா, ஜிப்பின் பின்னால் காற்று புகாமல் பஞ்சுப் பட்டை இருக்கிறதா, இடுப்பில் பிடிக்கிறதா என்று படுத்துப் பார்த்தால்தானே தெரியும்? அப்புறம் அவளையும் படுக்க வைத்தேன்.

உள்ளே அடைத்திருப்பது எது என்பதில்தான் எங்களுக்குள் தகராறு. அவளுக்கு 'டவுன்' வேண்டுமாம். வாத்தின் மென்மையான உள்ளிறகு. எடையே தெரியாது, சுருட்டினால் சின்னதாகிவிடும். ஆனால் நனைந்தால் துவண்டு போய்ச் சூட்டைப் பிடிக்காது. செயற்கைப் பஞ்சு கனம்தான், இரண்டு கிலோவுக்கு மேல். ஈரம் பட்டாலும் ஓரளவு காப்பாற்றும். விலையும் பாதிகூட இல்லை. பனிக்குள் போகிறவளுக்குப் பஞ்சே போதும் என்று முடித்துவிட்டேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சுமையைக் கோவேறு கழுதையில் ஏற்றி அனுப்பலாம் என்று தெரிந்ததும் சரியாகிவிட்டது.

பிள்ளை பெற்றவளை வெறுந்தரையில் படுக்க விடமாட்டார்கள் நம் பாட்டிமார். அதே விஷயம்தான் இங்கேயும். உடம்புக்கு அடியில் பஞ்சு நசுங்கிவிடுவதால், தரைக் குளிர் நேராக முதுகில் ஏறும். பை எவ்வளவு உசத்தியானாலும் கீழே கனமான ஃபோம் பாய் வேண்டும். பாயில்லாமல் பை மட்டும் வாங்குவது பாதிப் பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான்.

கிளம்பும்போது நான் சொல்லி அனுப்பியது இவ்வளவுதான்: வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் படு, ஈர சாக்ஸைக் கழற்றிவிடு, முகத்தைப் பைக்குள் புதைக்காதே (மூச்சுக் காற்றின் ஈரம் பஞ்சை நனைக்கும்), பாட்டிலில் வெந்நீர் ஊற்றி மூடியை இறுக்கிக் கால்மாட்டில் வைத்துக்கொள்.

மூன்று ராத்திரி போன் இல்லை. மாமியார் விளக்கேற்றிவிட்டு விளக்கடியிலேயே உட்கார்ந்திருந்தார். கீழே இறங்கியதும்தான் கூப்பிட்டாள். "அம்மா, மூக்கு மட்டும்தான் சில்லுனு இருந்துச்சு!"

பையைச் சுருட்டி அதன் சின்ன உறையிலேயே விட்டுவைத்தால் பஞ்சு அமுங்கிப் போகும். நன்றாக உலர்த்தி, பழைய பெட்ஷீட்டில் ஒரு பெரிய உறை தைத்து அதற்குள் தளரப் போட்டு வைத்திருக்கிறேன். பீரோவில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த வீட்டுப் பெண் கேட்டிருக்கிறாள், மணாலி போக வேண்டுமாம். உள்ளே போட்டுக்கொள்ள அவளுக்கென்று தனியாக ஒரு பருத்தி உறை தைத்துக் கொடுக்க வேண்டும்.