ஜெரோவாவில் கூழ் காய்ச்சிய நாட்கள்

எண்பதுகளின் கடைசியில் சிட்னியில் வந்து இறங்கிய எங்கள் சனத்துக்குக் கடல் என்றால் முதலில் பொண்டாய்தான். ஊரிலிருந்து வந்தவர்களைக் கூட்டிப்போய்க் காட்டுகிற கடல் அது. தங்கி, சமைத்து, படுத்தெழும்புகிற கடலை எங்களுக்குத் தந்தவை தென்கரையின் கரவன் பார்க்குகள். மோட்டல் எடுக்கக் காசு காணாது. கரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதன் பக்கத்தில் கன்வஸ் விறாந்தையையும் இழுத்துக் கட்டிவிட்டால் இரண்டு குடும்பம் அடங்கும். அடங்காதவர்கள் காருக்குள் படுப்பார்கள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ஹோம்புஷிலிருந்து புறப்பட்டால் கயாமாவைத் தாண்டும்போது இருட்டிவிடும். அதற்கு அங்கால் ஜெரோவா. ஒரு பக்கம் குரூக்கட் றிவர், மறுபக்கம் ஏழு மைல் கடற்கரை. ஆற்றோரம் முழுக்கச் சவுக்கு. இரவில் காரை விட்டு இறங்கியதும் அந்தச் சவுக்குக்குள்ளால் வருகிற காற்றின் இரைச்சல் காதில் விழும். அம்மா உடனே, "காரைநகர் மாதிரிக் கிடக்கு" என்பா. சவுக்கின் சொந்த நிலங்களில் அவுஸ்திரேலியாவும் ஒன்று என்பதை நான் பிறகுதான் படித்தேன். அம்மாவுக்கு அது கசூரினா பீச்சின் மரம், அவ்வளவுதான்.

விடிந்தால் அப்பா எங்களை மேட்டுக்குக் கூட்டிப்போவார். 1933 ஜனவரி 11ஆம் திகதி சார்ள்ஸ் கிங்ஸ்போர்ட் ஸ்மித் 'சதேர்ன் குறொஸ்' விமானத்தை இந்த மணலிலிருந்துதான் நியூசிலாந்துக்குக் கிளப்பினார். அவுஸ்திரேலியாவிலிருந்து அங்கே பறந்த முதல் வணிக விமானம் அது. அதற்கான நினைவுச்சின்னம் அந்த மேட்டில் இருக்கிறது. எண்ணெய் நிரப்பிய பாரமான விமானம் எழும்ப நீண்ட, இறுகிய மணல்தரை வேண்டும், அதற்கு வத்துப் பெருக்குப் பார்க்க வேண்டும் என்று அப்பா ஒவ்வொரு முறையும் விளக்குவார். பிறகு பேச்சு யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குப் போய்விடும். பலாலியில் ஏறித் திருச்சியில் இறங்கிய காலத்தை, நேற்று நடந்ததுபோலச் சொல்லிக்கொண்டே கீழே இறங்குவார். 2019இல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு மறுபடி விமானம் விட்டபோது அதைக் கேட்க அவர் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் கூழ். அதற்காகவே போனோம் என்றுகூடச் சொல்லலாம். பார்க்கின் நடுவில் எல்லாருக்கும் பொதுவான குசினி, நாலு பக்கமும் திறந்த கொட்டில். நாணயம் போட்டால் சூடேறும் தட்டில் மற்றவர்கள் சொசேஜ் புரட்டிக்கொண்டிருப்பார்கள். அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய அலுமினியப் பானையைக் காஸ் அடுப்பில் ஏற்றுவா. ஒடியல் மாவை வந்தவுடனேயே தண்ணீரில் ஊறவிட்டிருப்பா. கயர்ப்புப் போக அதைப் பிழிந்தெடுப்பது மாமியின் வேலை. ஒரு சிறங்கை அரிசி, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை கொதிக்கும்போது நண்டும் இறாலும் மீன்தலையும் விழும். செத்தல் மிளகாய், மிளகு, உள்ளி, மஞ்சள் அரைத்த கூட்டு கடைசியில்தான். பழப்புளிக் கரைசலோடு மாவையும் கலந்து ஊற்றியதும் பானை தடித்துக் குமிழிவிடத் தொடங்கும். அந்த நேரம் அகப்பையை விட்டால் அடிப்பிடித்துவிடும் என்று அம்மா ஒருவரையும் கிட்ட விடமாட்டா. நெற்றி வியர்வையைச் சேலைத்தலைப்பால் ஒற்றிக்கொண்டு துழாவிக்கொண்டே நிற்பா.

மீன் பக்கத்துக் கரவன்காரர் தந்தது. வருடம் முழுக்க அங்கேயே கரவனை விட்டு வைத்திருந்த ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர், தனி ஆள். விடியப்புறம் ஆற்றுவாயில் தூண்டில் போட்டு, கிழக்கன் பிடித்து, சுத்தம் செய்து கொண்டுவந்து வைப்பார். "தம்பி, அந்தாளுக்கும் ஒரு பேணி குடு" என்று அம்மா சொல்ல, நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனிதர் முகம் சிவந்து, கண்ணால் தண்ணீர் ஓட, முழுவதையும் குடித்து முடித்தார். அடுத்த முறை போனபோது, எப்போது அந்தச் சூப் வைப்பீர்கள் என்று அவரே வந்து கேட்டார். அம்மாவுக்கு அன்றைக்கிருந்த பெருமை! புதிய நாட்டில் தன் கையால் ஆக்கியதை ஓர் ஊர்க்காரன் கேட்டு வாங்கிக் குடித்தது அவவுக்குச் சின்ன விசயம் இல்லை.

கூழ் குடித்து முடிந்தால் பெரியவர்களின் கதை கீரிமலைக்குப் போகும். ஆடி அமாவாசைக்குப் போய்க் கேணியில் முழுகியது, ஒரு பக்கம் நன்னீர் ஊற்றும் மதிலுக்கு அந்தப் பக்கம் கடலுமாய்க் கிடந்தது, மடத்தில் தங்கிச் சமைத்தது. 1990இல் கீரிமலை அடங்கிய வலிகாமம் வடக்குச் சனம் எல்லாம் போரால் இடம்பெயர்ந்த பிறகு அந்தக் கதைகளுக்குள் ஒரு அவசரம் வந்துவிட்டது. ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துச் சொல்வார். பிள்ளைகள் நாங்கள் அங்கே போனதே இல்லை. ஆனால் கேணிப்படி எங்கே வழுக்கும் என்றுகூட எங்களுக்குத் தெரிந்திருந்தது. கன்வஸுக்குக் கீழே, கால்மாட்டில் ஒருவர் தலைமாட்டில் ஒருவராய்ப் படுத்துக் கேட்டது அது. தனித்தனி அறையில் படுத்திருந்தால் ஒரு சொல்லும் எங்களிடம் வந்து சேர்ந்திராது.

இப்போது தென்கரைக் கரவன் பார்க்குகளில் கபின்கள்தான் கண்ணில் படுகின்றன. குளிரூட்டி, தனிக் குளியலறை, தனிக் குசினி, முன்னால் மரத்தளம். வசதிதான். வயதானவர்கள் நடுச்சாமத்தில் ரோர்ச் லைற்றோடு பொதுக் கழிப்பறைக்கு நடக்கத் தேவையில்லை. அது நல்லது. ஆனால் மச்சான்மார் நாங்கள் இப்போது போனால் ஆளுக்கொரு கபின், ஆளுக்கொரு சாப்பாடு. எட்டு மணிக்குக் கதவு சாத்திவிடும். ஒடியல் மா ஹோம்புஷிலேயே வாங்கலாம், பெரிய பானையும் என் கராஜில் இருக்கிறது. அகப்பை பிடிக்க அம்மா இல்லை. மாமிக்கு இப்போது நிற்க ஏலாது. அந்தக் கிழக்கன் மீன்காரரும் எப்போதோ போய்விட்டார்.

தாய் தகப்பன் இருக்கிற பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த லோங் வீக்கெண்டுக்குத் தனித்தனிக் கபின் எடுக்காதீர்கள். ஒன்றையே எடுங்கள். இடம் காணாதுதான், பரவாயில்லை.