உலைமலையின் வாயிலிலே

கண்டியிலிருந்து மஹியங்கனை செல்லும் வீதியிலே உள்ளது ஹுன்னஸ்கிரிய. அங்கிருந்து மீமுரே செல்லும் மலைவழியில், மேகம் தவழும் நக்கிள்ஸ் சிகரங்களைக் கண்டு வியக்கும் மாணவர், "இவையும் எரிமலைகளோ?" என வினவுவதுண்டு. 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் திகனப் பகுதியிலே நிலம் சிறிதே அதிர்ந்த பின்னர், அவ்வினா எழுவது இயல்பே.

இலங்கையில் எரிமலை இல்லை. இம்மலைகள் பூமியின் ஆழத்திலே வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறிய, 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பாறைகளால் ஆனவை. ஆயினும், தமிழர் குடியேறிய தீவொன்றிலே தீக்கக்கும் மலையொன்று உண்டு. அதன் கதை நாம் அறியத்தக்கது.

மடகஸ்காருக்குக் கிழக்கே, பிரான்சுக்குரியதாய் விளங்குவது ரியூனியன் தீவு. 1848இல் அங்கே அடிமைமுறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களிற் பாடுபடத் தமிழகத்திலிருந்து பல்லாயிரவர் ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றனர். நம் மலைநாட்டாருக்கு அவ்வரலாறு புதியதன்று. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் தீமிதித்து வழிபடுகின்றனர்.

அத்தீவின் எரிமலைக்குப் பெயர் பித்தோன் த லா ஃபூர்னேஸ். உலைச்சிகரம் என்பது பொருள். உயரம் 2,600 மீற்றருக்கு மேல். 17ஆம் நூற்றாண்டு முதல் 150 தடவைக்கு மேல் அது பொங்கியுள்ளது. தக்கணத்தின் கரிய பாறைப்படிவுகளை ஏறக்குறைய 6½ கோடி ஆண்டுகளுக்கு முன் உமிழ்ந்த நெருப்பூற்றே, இன்று இத்தீவின் அடியில் எரிகின்றது என்பர் புவியியலார். அங்ஙனமாயின், எல்லோராவின் கயிலாயநாதர் கோயில் குடையப்பட்ட கல்லும் இம்மலையும் ஒரே உலையிற் பிறந்தவை!

இம்மலையின் நெருப்புக் குழம்பு பெரும்பாலும் மக்கள் வாழாத பள்ளத்தாக்கிலேயே வழிந்தோடும். 1977இலோ எல்லை கடந்து சென்ற் ரோஸ் பகுதியிலுள்ள ஊரொன்றினுட் புகுந்தது. மக்கள் முன்னரே வெளியேறியமையால் உயிர்கள் தப்பின. தேவாலயத்தின் முன்வாயிலை எட்டிய குழம்பு, அதைச் சூழ்ந்து இருபுறமும் ஓடியது. கட்டடம் நிலைத்து நின்றது. அந்நிகழ்வின் பின்னரே எரிமலை ஆய்வுநிலையம் எழுந்தது. 2007 ஏப்ரலில் உச்சியிலுள்ள தொலொமியு பெருவாயின் அடித்தளம் 300 மீற்றருக்கு மேல் சரிந்து வீழ்ந்தது. குழம்பு கரையோர வீதியை மூடிக் கடலிற் பாய்ந்தது.

இத்தகைய மலையின்மீது மனிதர் நடக்கின்றனர்! பெல்கோம்ப் கணவாயிலிருந்து செங்குத்தான படிகளில் இறங்கி, செந்நிறச் சிறுகுன்றொன்றைக் கடந்து, முறுக்கிய கயிறுகள்போல் உறைந்த கரும்பாறைமேல் வெண்சாயப் புள்ளிகளே வழிகாட்ட ஏறினால், பெருவாயின் விளிம்பை அடையலாம். சென்று மீள ஐந்தாறு மணிநேரமாகும். முகில் மூடுமுன் காண விரும்புவோர் வைகறையிலேயே புறப்படுவர்.

மலை பொங்கவிருக்கும் குறிகளை ஆய்வுநிலையம் கண்டதும், அரசு ஆணையிட, படிவழியின் கதவு அடைக்கப்படும். எத்துணை தூரத்திலிருந்து வந்தவரும் திரும்பவேண்டியதே. அந்தக் கதவே அம்மலையேற்றத்தை இயலச் செய்கின்றது.

ரியூனியனின் சிகரங்களும் நக்கிள்ஸ் உள்ளிட்ட நம் மத்திய மலைநாடும் 2010இல் ஒரே மாநாட்டிலே உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. அங்கே நெருப்பு, இங்கே மழை. 2025 நவம்பரில் தித்வா சூறாவளி கொணர்ந்த மண்சரிவுகள் கண்டி மாவட்டத்திலும் பல உயிர்களைக் கவர்ந்தன. தீயில்லாத மலையும் தீங்கற்றதன்று. ஹுன்னஸ்கிரியவிலிருந்து மலையேறப் புறப்படும் இளைஞர், மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளிலே, அதனையும் அடைத்த கதவாகவே மதித்து வீடு திரும்புவாராக.